அப்பா செத்திருந்தால் அம்மா கையெழுத்துப் போடலாம்

சுங்கை பூலோவில் இருக்கும் 18 வயதுத் தங்கச்சிக்கு முதலில் ஒரு வாழ்த்து. நீ இந்த மலேசியாவின் பிரதமராகலாம். கிண்டல் இல்லை, சட்டம். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்கு இறக்கியபோது, மக்களவைக்குப் போட்டியிடும் வயதையும் கூடவே இறக்கிவிட்டது. தேர்தலில் ஜெயித்து, பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்று, மாமன்னரும் நியமித்துவிட்டால் புத்ராஜெயா உனக்குத்தான். பட்ஜெட் போடலாம், அமைச்சரவையை மாற்றலாம், வெளிநாட்டுத் தலைவர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். அதெல்லாம் முடிந்து, மனசுக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தால் மட்டும், மாண்புமிகு பிரதமர் அவர்களே, தயவுசெய்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

2022 நவம்பர் பொதுத் தேர்தலில் இதே சுங்கை பூலோ நாடே பார்த்த தொகுதி. பாரிசான் நேஷனலின் கைரி ஜமாலுடின் ஒரு பக்கம், பக்காத்தான் ஹராப்பானின் ரமணன் இன்னொரு பக்கம். 2,693 வாக்கு வித்தியாசத்தில் ரமணன் ஜெயித்தார். 18 வயதுக்காரர்கள் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் அது. விரலில் மை வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்த பிள்ளைகளைப் பார்த்துத் தலைவர்கள் பூரித்துப் போனார்கள். எதிர்காலம், முதிர்ச்சி, இளைஞர் சக்தி என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அந்த முதிர்ச்சிக்கு ஒரு எல்லை உண்டு என்பதை மட்டும் யாரும் மேடையில் சொல்லவில்லை. யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்க உனக்கு அறிவு இருக்கிறது. யாரோடு வாழ வேண்டும் என்று தீர்மானிக்க இன்னும் மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

இந்த அற்புதத்தைச் செய்திருப்பது 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்கு சட்டச் சீர்திருத்தச் சட்டம். ஆவணங்களில் 164-ஆம் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாத நம் எல்லோரின் தாலியும் மோதிரமும் இதற்குள்தான் அடக்கம். பெயரிலேயே சீர்திருத்தத்தை வைத்துவிட்டதால் உள்ளே வைக்க மிச்சம் இல்லாமல் போயிற்று போலும்.

அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது: 21 வயது நிரம்பாதவர் கல்யாணம் செய்ய அப்பாவின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அப்பா இறந்துவிட்டிருந்தால், அல்லது பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்திருந்தால், அம்மாவின் சம்மதம் போதும். இருவருமே இறந்திருந்தால் அவர்களுடைய இடத்தில் நிற்பவரின் சம்மதம். வரிசையைக் கவனியுங்கள். அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அம்மா சட்டத்தின் கண்ணுக்கு வெறும் ஸ்பேர் டயர்.

ஒரு கவுண்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 20 வயது மகளோடு ஓர் அம்மா நிற்கிறார்.

"அப்பா கையெழுத்து எங்கக்கா?"

"அவரு எங்க இருக்காருன்னே தெரியாது தம்பி. இவ கைப்பிள்ளையா இருக்கும்போது போனவரு."

"செத்துட்டாரா?"

"தெரியலையே."

"செத்திருந்தா நீங்களே போட்டிருக்கலாம்கா."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எதிரில் இருக்கும் தாளில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் கேட்கிறார். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்து, பள்ளிக்கட்டணமும் பஸ் காசும் கொடுத்து, காய்ச்சலுக்கு மருத்துவமனையில் காத்துக் கிடந்து வளர்த்தவர் அம்மா. காணாமல் போனவர் அப்பா. காணாமல் போயும் கௌரவம் போகாத ஒரே பதவி இந்த நாட்டில் அதுதான். அவர் சுங்கை பூலோ சிறைக்குள்ளே இருந்தாலும் சரி, கள்ளுக்கடை வாசலில் கிடந்தாலும் சரி, மகளின் வாழ்க்கைக்கு முத்திரை குத்தும் உரிமை அவருக்கே.

அவசரப்படாதீர்கள், சட்டத்தில் வழி இருக்கிறது என்பார்கள் வழக்கறிஞர்கள். உண்மைதான். அப்பா நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தாலோ, அதைப் பெறவே முடியாத நிலை இருந்தாலோ நீதிமன்றம் சம்மதம் தரலாம். நீதிமன்றம் என்றால் உயர் நீதிமன்றம். 19 வயதுப் பெண் ஒருத்தி வக்கீல் வைத்து, சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்து, பெற்ற அப்பாவை எதிர்த்து உயர் நீதிமன்றப் படி ஏறலாம். அவ்வளவு தைரியமும் அவ்வளவு பணமும் உள்ளவளைத்தான் சட்டம் முதிர்ச்சி இல்லாதவள் என்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1999-இல் பிள்ளைகள் பாதுகாவல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளை வளர்ப்பில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று நாடாளுமன்றம் அறிவித்தது. பெண்கள் அமைப்புகள் போராடி வாங்கிய திருத்தம் அது. பிள்ளையின் பள்ளி, மருத்துவம், சொத்து என எல்லாவற்றிலும் அம்மா சமம். கல்யாணப் பத்திரம் வந்தவுடன் அதே அம்மா மறுபடியும் வரிசையில் இரண்டாவது. ஒரு சட்டம் கொடுத்த மரியாதையை அடுத்த அலமாரியில் இருக்கும் சட்டம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. இரண்டு அலமாரிகளையும் ஒரே நாளில் திறந்து பார்க்கும் அமைச்சர் இன்னும் பிறக்கவில்லை.

இதுவரை சொன்னது 18-க்கு மேலே. கீழே போனால் சிரிப்பு நின்றுவிடும்.

164-ஆம் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் குறைந்தவர் செய்யும் கல்யாணம் செல்லாது. நல்ல விதி. அதே மூச்சில் ஒரு விதிவிலக்கு: பெண்ணுக்கு 16 நிரம்பியிருந்து, மாநில மந்திரி பெசார் தன் விருப்பப்படி 21-ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸ் கொடுத்தால், செல்லும். பெண்ணுக்கு மட்டும். 17 வயது 11 மாதப் பையனுக்கு எந்த மந்திரி பெசாரும் லைசென்ஸ் கொடுக்க முடியாது. அவன் இன்னும் விளையாட்டுப் பிள்ளை, குடும்பப் பாரம் தாங்க மாட்டான் என்பது சட்டத்தின் கரிசனம். அவன் வகுப்பில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் தாங்குவாள். அவளுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. அதற்கு மேல் முதிர்ச்சி எதற்கு?

16 வயது மணப்பெண்ணுக்கு இந்த நாடு தரும் உரிமைகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். தன் கல்யாண விருந்தில் ஒரு பியர் வாங்க முடியாது. 2017 டிசம்பரிலிருந்து அதற்கு 21 வயது. கணவனோடு 18 தரமிட்ட சினிமாவுக்குப் போக முடியாது. குழந்தை மனம் கெட்டுவிடும். சிகரெட் விற்றால் கடைக்காரர் மாட்டுவார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் செல்லாது. லைசென்ஸ் கொடுத்த மந்திரி பெசாரின் கட்சிக்கு எதிராக வாக்களிக்கவும் முடியாது. எஸ்.பி.எம். பரீட்சையே இன்னும் எழுதியிருக்க மாட்டாள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். அதற்குக்கூடத் தேர்வு உண்டு, பயிற்சி உண்டு, எல் போர்டு உண்டு. மனைவியாவதற்கு எல் போர்டு கிடையாது.

தண்டனைச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 16 நிரம்பாத பெண்ணோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் இல்லாவிட்டாலும், அது வன்புணர்ச்சி. பிறந்தநாளுக்கு முந்திய நாள் வரை அவன் குற்றவாளி. பிறந்தநாளுக்குப் பிறகு லைசென்ஸோடு வந்தால் மாப்பிள்ளை. செல்லுபடியாகும் மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்ச்சியே ஆகாது என்று அதே 375-ஆம் பிரிவு விலக்கும் தருகிறது. ஆக, பள்ளிச் சீருடையைக் கழற்றி வைத்த பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அதோடு சேர்த்து மடித்து வைக்கச் சொல்கிறது சட்டம். இதன் பெயர் குடும்பப் பாதுகாப்பு.

2018-இல் கிளந்தானின் குவா மூசாங்கில் 41 வயது ரப்பர் வியாபாரி ஒருவர் 11 வயதுத் தாய்லாந்துச் சிறுமியை மூன்றாவது மனைவியாக்கிக்கொண்ட செய்தி வெளிவந்தபோது நாம் எவ்வளவு பொங்கினோம்! தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று நாகரிகம் கரைபுரண்டு ஓடியது. "அவங்க சமாச்சாரமே இப்படித்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டோம். அந்த மனிதருக்கு ஷரியா நீதிமன்றம் விதித்தது 1,800 ரிங்கிட் அபராதம். அதுவும் அனுமதி இல்லாமல் பலதார மணம் செய்ததற்கும் முறைப்படி பதியாததற்கும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கதையில் ஒரு வரியை நாம் அவசரமாகத் தாண்டிப் போனோம்: சிறுமியின் பெற்றோர் சம்மதம் கொடுத்திருந்தார்கள். பெற்றோர் சம்மதம் அங்கே வேலியாக நிற்கவில்லை. வாசலைத் திறந்துவிட்டது.

அதே ஆண்டு சிலாங்கூர் தன் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில் பெண்ணின் வயதை 16-லிருந்து 18-க்கு உயர்த்தியது. அங்கே ஷரியா நீதிமன்றம் என்ற பின்வாசல் இன்னும் இருக்கிறது. நம் பக்கத்துப் பின்வாசலில் மந்திரி பெசார் இருக்கிறார். பக்கத்து வீட்டு ஓட்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம் வீட்டுக் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த மரபெல்லாம் எங்கிருந்து வந்தது? நம் பண்பாடு, முன்னோர் வகுத்த நெறி என்று யாராவது மீசையை முறுக்கினால் நம்பாதீர்கள். இது முழுக்க வெள்ளைக்காரன் சரக்கு. 1753-இல் இங்கிலாந்தில் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, 21 வயதுக்குக் கீழே தந்தையின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. தந்தை இல்லாவிட்டால் பாதுகாவலர். அவரும் இல்லாவிட்டால்தான் தாய். அதுவும் அவள் மறுமணம் செய்யாத விதவையாக இருந்தால். அங்கே அம்மா மூன்றாமிடம். நாம் இரண்டாமிடத்துக்கு ஏற்றிவிட்டோம். 223 ஆண்டில் ஒரு படி.

விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே பெண் மணக்க 12 வயது போதும், அப்பா தலையாட்டினால். 21 வரை தந்தையின் சம்மதமும் 12-லேயே மனைவியாகும் தகுதியும் பக்கத்தில் பக்கத்தில் சுகமாகக் குடியிருந்தன. முரண்பாடே இல்லை, இரண்டும் ஒரே கொள்கைதான். பெண் எப்போது முதிர்கிறாள் என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. அவள் யார் கையில் இருக்கிறாள் என்பதே கேள்வி.

அதை நிரூபிக்க 1885 ஒன்று போதும். லண்டனில் சிறுமிகள் விற்கப்படுவதை அம்பலப்படுத்த டபிள்யூ. டி. ஸ்டெட் என்ற பத்திரிகை ஆசிரியர், 13 வயது எலிசா ஆம்ஸ்ட்ராங்கைத் தாயிடமிருந்து 5 பவுனுக்கு "வாங்கி"க் காட்டினார். நாடு கொதித்தது, சம்மத வயது 13-லிருந்து 16 ஆனது. ஸ்டெட்டுக்கோ மூன்று மாதச் சிறை. ஏன் தெரியுமா? தாயிடம் கேட்டவர் தந்தையிடம் கேட்கவில்லை. நிஜமாகச் சிறுமிகளை வாங்கிக்கொண்டிருந்த கனவான்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைப் பேப்பரில் படித்தார்கள்.

அதே காலத்தில் பம்பாயில் ருக்மாபாய். 11 வயதில் பெரியவர்கள் சம்மதத்தோடு கட்டி வைக்கப்பட்ட பெண், வளர்ந்த பிறகு கணவனோடு வாழ மறுத்தார். 1887-இல் மகாராணியின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கணவன் வீட்டுக்குப் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 2,000 ரூபாய் கொடுத்து விவகாரம் முடிந்தது. அவர் லண்டனில் படித்து டாக்டராகித் திரும்பினார். கல்கத்தாவில் 10 வயதைத் தாண்டிய ஃபுல்மணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1890-இல், 35 வயதுக் கணவனின் உறவால் அவள் செத்தே போனாள். சம்மத வயது அப்போது 10 என்பதால் அது வன்புணர்ச்சி ஆகவில்லை. கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல். அடுத்த ஆண்டு அரசு வயதை 12-க்கு உயர்த்தியபோது, மதத்தில் கை வைக்காதே என்று திலகர் போன்ற பெரிய மனிதர்கள் தெருவில் நின்றார்கள். ஃபுல்மணிக்கும் பெற்றோர் சம்மதம் இருந்தது. எப்போதுமே இருக்கும்.

1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயதை 16-க்கு மேல் வைக்கச் சொன்னது. அன்று அது புரட்சி. அந்த ஆண்டுதான் இங்கிலாந்தும் 12-ஐத் தூக்கி எறிந்து 16 ஆக்கியது. இங்கிலாந்து அதோடு நிற்கவில்லை. 1969-இல் 21 வயதுச் சம்மத விதியை 18-க்கு இறக்கியது. 2023 பிப்ரவரியிலிருந்து 18-க்குக் கீழே கல்யாணமே கிடையாது. அப்பா சம்மதித்தாலும் இல்லை. நாமோ, அவர்கள் 1969-இல் கழற்றிப் போட்ட 21-ஐ 1976-இல் எடுத்து மாட்டிக்கொண்டோம். 1929-இன் 16-ஐயும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நடுவில் 1971-இல் 18 வந்தால் முழு மனிதர் என்று ஒரு வயதுவரம்புச் சட்டம் போட்டபோதும், திருமணம், மணவிலக்கு, மஹர், தத்து ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரியைச் சேர்த்தோம். 1875-இல் இந்தியாவுக்கென்று வெள்ளைக்கார அரசு எழுதிய சட்டத்தில் அதே வரி இருக்கிறது. விக்டோரியா 1901-இல் இறந்தார். சிலாங்கூரில் கல்யாண விஷயத்தில் அவருடைய ஆட்சி தொடர்கிறது.

சரி, பெற்றோர் சம்மதத்தின் மேல் இவ்வளவு பக்தி வைத்திருக்கும் அரசு, மற்ற நேரங்களில் அதை எப்படி நடத்தியது? இதே சுங்கை பூலோவில் கேளுங்கள். 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் நோயாளிகள் ஒருவரையொருவர் மணந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து உடனே பிரித்துக் குழந்தைகள் விடுதியில் வைத்தார்கள். பலர் தத்துப் போனார்கள். வயதான தாய்மார் பலர் பிள்ளையைத் திரும்பப் பார்க்காமலே அங்கே மண்ணானார்கள். இன்று நாம் வாரக்கடைசியில் ரோஜாச்செடி வாங்கப் போகும் நர்சரிகள் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. அங்கே பெற்றோர் சம்மதம் புனிதமாக இருக்கவில்லை.

ஈப்போவின் இந்திரா காந்தியைக் கேளுங்கள். 2009-இல் கணவர் தன் ஒரு கையெழுத்தில் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஜனவரி வரை ஆனது. தாய் ஜெயித்தார், தீர்ப்பு கையில் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. அப்பாவின் கையெழுத்து அங்கேயும் முழுப் பெறுமதி. அம்மாவின் கையெழுத்துக்கு ஒன்பது வருட வழக்கு.

ஆக, நம் நாட்டில் பெற்றோர் சம்மதம் அரசுக்கு எதிராக நீட்டினால் செல்லாது. அம்மா நீட்டினால் தாமதமாகச் செல்லும். மகளுக்கு எதிராக அப்பா நீட்டினால் மட்டும் அந்த இடத்திலேயே செல்லும்.

நம் சமூகமும் இதில் சும்மா இல்லை. அப்பாக்களின் கை எங்கே நடுங்குகிறது, எங்கே நடுங்கவில்லை என்று பார்த்தால் போதும். 16 வயது மகள் வயிற்றில் பிள்ளையோடு நின்றால், போலீஸ் ரிப்போர்ட் வேண்டாம், மானம் முக்கியம் என்று, அதற்குக் காரணமானவனுக்கே கட்டி வைக்கும் பத்திரத்தில் கை நடுங்காமல் கையெழுத்து விழுகிறது. 20 வயது மகள் படித்து, வேலைக்குப் போய், வேறு சாதிப் பையனைக் கைகாட்டினால், அதே கை நடுங்குகிறது, பேனா காணாமல் போகிறது, அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது. கப்பலில் வந்தபோது சாதியை நாகப்பட்டினத்தில் இறக்கி வைத்துவிட்டோம் என்று மேடையில் பேசுகிறவர்கள், மகளின் 21-ஆம் பிறந்தநாள் வரைக்கும் அதை 12-ஆம் பிரிவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தெரியாத்தனமாக முடிவெடுத்துவிடுவாள் என்ற பயம் நியாயமே என்றால், வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அழுங்கள், கெஞ்சுங்கள், சண்டை போடுங்கள். பெற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. 18 வயதுப் பெண்ணின் விருப்பத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை அரசாங்கத் தாளில் கேட்காதீர்கள். அவளைத் தட்டிக்கேட்கும் உரிமை வேறு, அவளைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் வேறு.

கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, 16 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க மந்திரி பெசார் கையில் இருக்கும் லைசென்ஸ் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள். 18-க்குக் கீழே யாருக்கும் கல்யாணம் இல்லை, எந்த அப்பா கெஞ்சினாலும். இரண்டு, 18 ஆனவளுக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்று 12-ஆம் பிரிவை மூடுங்கள். இதற்கு அரச விசாரணைக் குழுவும் வேண்டாம், ஐந்தாண்டுத் திட்டமும் வேண்டாம். வாக்குரிமைக்கு அரசியலமைப்பையே திருத்தத் தெரிந்த நாடாளுமன்றத்துக்கு இது ஒரு மதிய வேலை.

அடுத்த தேர்தலில் சுங்கை பூலோவில் வீடு வீடாகக் கைகுலுக்க வருவார்கள், தங்கச்சி. உன் வாக்கு பொன்னானது என்பார்கள். கேள்: "என் வாக்குக்கு அப்பா கையெழுத்து வேண்டாம் என்றால், என் வாழ்க்கைக்கு எதற்கு?" பதில் சொல்லாதவருக்கு வாக்குப் போடாதே. அதற்கு நீ யாரிடமும் சம்மதம் கேட்கத் தேவையில்லை.